கோழி அடையும் கட்டையும் அதற்குக் கீழே விழும் எச்சமும்

பகலில் கோழி வேலியோரம், வாழைத்தூர், குப்பைமேடு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது போடுகிற எச்சம் அங்கங்கே சிதறி, வெயிலில் காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். பொழுது சாய்ந்து கூட்டில் அடைந்த பிறகு கதை வேறு. பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் ஒரே கட்டையில், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் எச்சத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு சாண் இடத்துக்குக் கீழேதான் விழுகிறது.

நாட்டுக்கோழி ஒன்று நாளைக்கு 80 முதல் 100 கிராம் வரை ஈர எச்சம் போடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்துக் கோழி என்றால் ராத்திரிக்கு மட்டும் அரைக் கிலோ, மாதத்துக்கு 15 கிலோ. அதில் முக்கால் பங்கு தண்ணீர். இந்த 15 கிலோவைத் தரையில் விழவிட்டு, கோழி மிதித்து, கூளத்தோடு கலந்து, ஈரமேறிய பிறகு அள்ளுவது பெரும்பாடு. விழுகிற இடத்திலேயே தட்டு வைத்துப் பிடித்துவிட்டால் காலையில் ஐந்து நிமிட வேலை. கூடு கட்டும்போதே இதை யோசிப்பவர்கள் குறைவு. கூரைக்கும் கதவுக்கும் பார்க்கிற பார்வையைக் கோழி அடைகிற கட்டைக்கும் கொடுத்தால் நாற்றம், ஈ, கோழி ரத்தம் குடிக்கும் செள்ளு மூன்றும் சேர்ந்து குறையும்.

கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தொப்பி போல நிற்கிறதே, அதுதான் அதன் சிறுநீர், யூரிக் அமிலம். காய்ந்து கிடக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. ஈரம் பட்டால் பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றிவிடும். கண் எரிச்சல், மூச்சுக்குழல் புண், அதைத் தொடர்ந்து சளி என்று கோழிக்கு வரும் பல தொல்லைகள் இங்கேதான் தொடங்குகின்றன. காற்றில் பத்து லட்சத்துக்கு 20, 25 பங்கு அம்மோனியா சேரும்போதுதான் நம் மூக்குக்குத் தெரிகிறது. கோழியின் மூச்சுக்குழல் கெடத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே அளவில்தான். ஆகவே லேசாக நெடி அடித்தாலே கோழி ராத்திரி முழுக்க அதைச் சுவாசித்திருக்கிறது என்று பொருள். சோதிக்க நல்ல நேரம் விடியற்காலை, கதவைத் திறந்தவுடன். நின்றபடி மோந்தால் போதாது, கோழித் தலை மட்டத்துக்குக் குனிந்து மோந்து பாருங்கள். தினமும் கூட்டுக்குள் நுழைபவரின் மூக்கு பழகிப்போயிருக்கும். வாரம் ஒருமுறை வீட்டில் வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்வது நல்லது.

எச்சத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்ற கேள்விக்கு நோய்க்கிருமிகளின் காலக்கணக்குதான் பதில். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா முட்டைகள் எச்சத்தில் வெளியே வந்தவுடன் தொற்றாது. சூடும் ஈரமும் கிடைத்தால் ஒன்று, இரண்டு நாளில் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். ஈ முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகப் பறக்க நம் வெயிலில் 7 முதல் 10 நாள். உருண்டைப்புழு முட்டை முதிர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். தட்டை தினமும் எடுத்தால் மூன்றும் அறுபடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால் ஈயும் புழுவும் அடங்கும், காக்சிடியா தப்பிவிடலாம். வாரம் ஒருமுறை என்றால் ஈப் பண்ணை வைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம். குஞ்சுகள் இருக்கும் கூட்டில் தினமும் எடுப்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கட்டை எப்படி இருக்க வேண்டும்

சவுக்கு அல்லது தைலமரக் கம்பு, 2 அங்குலக் கனம், போதும். பட்டையை முழுதாக உரித்துவிட வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு செள்ளுக்கு அரண்மனை. அறுத்த சட்டம் என்றால் 2 அங்குல அகலம் வைத்து, மேல் விளிம்பு இரண்டையும் இழைத்து மழுக்கிவிடுங்கள். கூர் விளிம்பு பாதத்தை அறுக்கும். பிவிசி குழாயும் இரும்புக் குழாயும் வழுக்கும். கோழி ராத்திரி முழுக்கப் பிடிமானத்துக்குத் தவித்துக்கொண்டே இருக்கும், காலையில் தட்டில் இறகு சிதறிக் கிடக்கும். வேறு வழியில்லை என்றால் குழாயின் மேல் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றலாம். ஆனால் கயிறு எச்சத்தை உறிஞ்சும், செள்ளுக்கும் இடம் கொடுக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுத்துப் போட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும்.

மூங்கில் மலிவு, கைக்கு எளிது, ஆனால் வெட்டுவாய் திறந்திருந்தால் அதன் உள்பொந்தில் செள்ளும் கோழி உண்ணியும் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும். மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே போகாது. கணுவை ஒட்டி வெட்டினால் வாய் தானாக மூடியிருக்கும். முடியாவிட்டால் இரண்டு வாயையும் சிமெண்டோ களிமண்ணோ வைத்து அடைத்துவிட வேண்டும். நடுவில் வெடிப்பு விட்ட மூங்கிலை அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

உயரம் இனத்தைப் பொறுத்தது. சிறுவிடை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான், முருங்கை உச்சிவரை பறக்கும். அதற்குக் கட்டை இரண்டரை, மூன்று அடி உயரத்தில் இருந்தால் சரி. பெருவிடைச் சேவல் மூன்று, நான்கு கிலோ இருக்கும். அது தினமும் மூன்றடியிலிருந்து கெட்டித்தரையில் குதித்தால் பாதத்தின் அடித்தோல் கன்றி, அதில் கிருமி புகுந்து, ஆணி போலக் கட்டி வீங்கும். ஒருமுறை வந்தால் ஆறுவதற்குள் சேவல் பாதியாகிவிடும். பெருவிடைக்கு ஒன்று, ஒன்றரை அடி உயரம் போதும். குதிக்கிற இடத்தில் கூளம் தடிப்பாக இருக்க வேண்டும், தண்ணீர்த் தட்டோ செங்கல்லோ கிடக்கக் கூடாது.

ஒரு சிறுவிடைக்கு 20 செ.மீ., பெருவிடைக்கு 25 முதல் 30 செ.மீ. நீளம். இரண்டு கட்டை வைத்தால் இரண்டையும் ஒரே மட்டத்தில் வையுங்கள். ஏணி போல ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தால் எல்லாக் கோழிக்கும் மேல்கட்டைதான் வேண்டும். அடைகிற நேரத்தில் கொத்துச்சண்டை நடக்கும், தோற்ற கோழி கீழே உட்கார்ந்து மேலே இருப்பவற்றின் எச்சத்தை முதுகில் வாங்கும். முட்டையிடும் பெட்டி கட்டையைவிடக் கட்டாயம் தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டி உயரமாகிவிட்டால் கோழி அதிலேயே அடைந்து, அதிலேயே எச்சமிட்டு, காலையில் முட்டை எச்சத்தில் புரண்டு கிடக்கும். பெட்டியின் மேல்மூடியைச் சாய்வாக வைத்தால் அதன் மேலேயும் அடையாது.

குஞ்சுகளை ஆறு வாரத்துக்கு முன் கட்டையில் ஏற்ற அவசரப்படாதீர்கள். நெஞ்செலும்பு இன்னும் குருத்தாகத்தான் இருக்கும், கட்டையில் அழுந்தி வளைந்துவிடும். பிறகு தரையிலிருந்து அரையடியில் ஒரு பயிற்சிக் கட்டை வைத்தால் தானே ஏறிப் பழகும். பழகாததை இருட்டிய பிறகு கையால் எடுத்துக் கட்டையில் வையுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, வைத்த இடத்திலேயே இருந்துவிடும். ஒரு வாரம் விடாமல் செய்தால் எட்டாம் நாள் தானாக ஏறும். மரத்தில் அடைகிற கோழிக்கும் இதே வைத்தியம்தான், கூடவே நான்கைந்து நாள் பகலிலும் கூட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

கட்டையை ஆணி அடித்து இறுக்கிவிடுவதுதான் பெரும்பாலான கூடுகளில் நடக்கிற தப்பு. இரண்டு பக்கச் சுவரிலும் ‘ப’ வடிவத்தைக் கவிழ்க்காமல் நிமிர்த்திய மாதிரி மரத்துண்டு அடித்து, அதில் கட்டையை உட்கார வைத்தால் போதும். மாதம் ஒருநாள் தூக்கி வெளியே எடுத்து நல்ல வெயிலில் நாள் முழுக்கப் போடலாம். இந்த ஒரு வசதி இருந்தால் செள்ளுப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

செள்ளு

இது பகலில் கோழி மேல் இருக்காது. கட்டையின் முனை சுவரைத் தொடும் இடத்திலும் ஆணிக்குழியிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்துகொண்டு, இருட்டிய பின் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். அதனால் பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கொண்டை வெளிறும், முட்டை குறையும், அடைகோழி முட்டையை விட்டு எழுந்து ஓடும். சாயங்காலம் கோழிகள் கூட்டு வாசல்வரை வந்து, உள்ளே போகாமல் தயங்கி நின்றால் சந்தேகப்படுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் செந்நிறக் கோடு இழுத்தால் அது நசுங்கிய செள்ளின் வயிற்றிலிருந்த கோழி ரத்தம். பகலில் தேட வேண்டுமென்றால் கட்டை உட்காரும் இடத்தில் சாம்பலும் மிளகுத்தூளும் கலந்து தூவியது போல ஒரு படிவு இருக்கிறதா பாருங்கள். அது உதிர்ந்த தோலும் கழிவும்.

கட்டையை எடுத்து வெளியே போட்டு, கொதிக்கும் நீரை முனைகளிலும் வெடிப்பிலும் ஊற்றுங்கள். காய்ந்ததும் வேப்பெண்ணெயைத் துணியில் நனைத்து முனைகளில் ஊற ஊறத் தடவுங்கள். சுவருக்கும் இடுக்குகளுக்கும் நீற்றிய சுண்ணாம்பை மோரைவிடக் கெட்டியாகக் கரைத்துத் தூரிகையால் குத்திக்குத்தி அடியுங்கள், இடுக்கு அடைபட வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தினால் வீண். முட்டை பொரித்து அடுத்த தலைமுறை ஒரு வாரத்தில் வந்துவிடும். அதனால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்ய வேண்டும். கூட்டைக் காலியாகப் போட்டுப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்று நினைக்காதீர்கள், இது மாதக்கணக்கில் ரத்தமில்லாமல் உயிரோடு இருக்கும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கூட்டுக்குள் அடிப்பது கோழிக்கும் முட்டை சாப்பிடும் வீட்டாருக்கும் ஆபத்து.

எச்சத் தட்டு

பத்துச் சிறுவிடைக்கு அளவு சொல்கிறேன். 4 அடி நீளத்தில் இரண்டு கட்டை. முதல் கட்டை பின்சுவரிலிருந்து 1 அடி தள்ளி, இரண்டாவது அதிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி. இதற்குக் கீழே 4 அடிக்கு 3 அடி தட்டு, தரையிலிருந்து 2 அடி உயரத்தில். தட்டுக்கும் கட்டைக்கும் நடுவே 8 அங்குலம். இதைவிடக் குறைந்தால் சுரண்ட கை நுழையாது, கூடினால் கோழி தட்டில் இறங்கி நடைபயின்று காலில் எச்சத்தை அப்பிக்கொண்டு நேராக முட்டைப் பெட்டிக்குப் போகும். தட்டுக்குக் கீழே உள்ள தரையும் வீணாகாது, மழைநாளில் கோழி அங்கே கிளறிக்கொண்டிருக்கும். பெருவிடைக்குக் கட்டை தாழ்வு என்பதால் தட்டைத் தரையோடு தரையாக வைத்து இழுத்தெடுக்கும் மாதிரி செய்துகொள்ள வேண்டியதுதான்.

பிளைவுட் ஈரத்தில் உப்பி ஆறு மாதத்தில் உரிந்துவிடும். தகரம் நல்லது. அதைவிட எளிது, எந்தப் பலகையானாலும் மேலே பழைய பிளக்ஸ் பேனரை இழுத்துக் கட்டிவிடுவது. வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும், எச்சத்தின் நிறம் பளிச்சென்று தெரியும். முன்விளிம்பில் ஓர் அங்குலச் சட்டம் அடித்தால் உருண்டு கீழே விழாது.

வெறும் தட்டாக வைத்துச் சுரண்டலாம், அல்லது மேலே மண் பரப்பிச் சலிக்கலாம். வெறும் தட்டுக்குப் பெயிண்டர் பட்டி பார்க்கும் தகடு, அகலமானது, கச்சிதமான கருவி. கோழியைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சுரண்டினால் பதமாக இருக்கும். விட்டவுடன் சுரண்டினால் இழுகும், சாயங்காலம்வரை விட்டால் சிமெண்ட் போல இறுகும். மண் முறையில், சலித்துக் காய்ந்த செம்மண்ணை அரை அங்குலம் பரப்ப வேண்டும். இந்தத் தட்டுக்கு ஒரு பக்கெட் சரியாக இருக்கும். எச்சம் விழுந்தவுடன் மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாற்றமே இருக்காது. காலையில் பெரிய ஜல்லிக் கரண்டியால் அள்ளி ஆட்டினால் மண் கீழே விழும், எச்சம் மேலே நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண்ணை மாற்றிப் பழையதை எருவோடு சேர்க்கலாம். மழைக்காலத்தில் காய்ந்த மண் கிடைக்காது என்பதால் வைகாசிக்குள் நான்கைந்து சாக்கு சலித்துக் கட்டி வைத்துவிட வேண்டும்.

அடுப்புச் சாம்பலைத் தட்டில் கொட்டுவது நம் பக்கம் உள்ள பழக்கம். மெல்லியதாகத் தூவினால் பரவாயில்லை. சாம்பல் காரத்தன்மை உள்ளது, ஈர எச்சத்தின் மேல் அள்ளிப் போட்டால் அம்மோனியாவைக் கிளப்பிவிடும், எருவில் நிற்க வேண்டிய தழைச்சத்தும் காற்றோடு போகும். சாம்பலைக் கோழி மண் குளிக்கும் குழியில் போடுங்கள், அங்கே அது பேனுக்கு மருந்து.

மண் பரப்பும் வீட்டிலும் வாரத்துக்கு ஒரு ராத்திரி தட்டை வெறுமையாக விடச் சொல்வேன். காரணம் அடுத்து வருகிறது.

காலை எச்சம் சொல்வது

கோழி பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அடையும். இடமிருந்து மூன்றாவது யார் என்று ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து வைத்துக்கொண்டால், காலையில் தட்டில் மூன்றாவது குவியல் யாருடையது என்று தெரிந்துவிடும். கூட்டமாக மேயும் கோழியில் நோயாளியைத் தனியே கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. சீக்குக் கோழியும் பகலில் மற்றவற்றோடு சேர்ந்து நடித்துவிடும், எச்சத்தில் நடிக்க முடியாது.

நல்ல எச்சம் பழுப்பும் பச்சையும் கலந்து, சுருட்டி வைத்தது போலக் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். ஏழெட்டு எச்சத்துக்கு ஒன்று மட்டும் வேறு மாதிரி வரும். அடர் பழுப்பு நிறம், கெட்டியாகக் கரைத்த புளி போலப் பிசுபிசுப்பு, வெள்ளைத் தொப்பி இருக்காது, குமட்டும் நாற்றம். பார்த்தவுடன் கழிச்சல் என்று பயந்து மருந்துக்கு ஓடுகிறார்கள். அது குடல்வால் எச்சம். கோழியின் குடலில் உள்ள இரண்டு குருட்டுப் பைகளில் தங்கிப் புளித்து வருவது. அது வந்துகொண்டிருக்கிறது என்றால் குடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அடைகோழி நாளைக்கு ஒன்றிரண்டு முறைதான் எழுந்து, உருண்டையாக, பெரிதாக, வீடே நாறும்படி எச்சமிடும். அதுவும் இயல்புதான்.

எப்போதாவது இளஞ்சிவப்பாகச் சிறு தோல்கீற்று வந்தால் குடல் உட்தோல் உரிந்தது, கவலை வேண்டாம். சிவந்த ரத்தமாகவோ தக்காளிச்சாறு போலவோ வந்தால் ரத்தக் கழிச்சல். மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகளில்தான் அதிகம், இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலை தொங்க நிற்கும். அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லி ஆம்ப்ரோலியம் அவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கொடுக்க வேண்டும், அன்றே ஈரக் கூளத்தையும் அள்ளி எறிய வேண்டும். மருந்து மட்டும் கொடுத்துக் கூளத்தை விட்டால் குஞ்சு மறுபடி அதையே கொத்தும்.

பச்சை நிறம் இரண்டு காரணத்தால் வரும். கீரை, அகத்தி நிறையத் தின்றிருந்தால் பச்சை. ஒன்றும் தின்னாமல் பித்தநீர் மட்டும் இறங்கினாலும் பச்சை. முந்தின நாள் மாலை கழுத்தடியில் உள்ள இரைப்பை நிறைந்திருந்ததா என்று தொட்டுப் பார்த்திருந்தால் குழப்பமில்லை. பச்சையும் வெள்ளையுமாக நீர்த்து, கூடவே வாயைத் திறந்து மூச்சுவிடுவதும் கழுத்துத் திருகுவதும் இருந்தால் கோழிக்கழிச்சல் என்றும் சொல்லும் வெள்ளைக் கழிச்சல். அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை கிராமங்களில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை விட்டுவிடாதீர்கள்.

நீராக மட்டும் போனால் முதலில் தீவனத்தைப் பாருங்கள். மிச்ச சாம்பார், ஊறுகாய், கருவாட்டுக் கழிவு என்று உப்புள்ளதைப் போட்டால் கோழி அடங்காமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீராகும், கூளம் நனையும், நெடி கிளம்பும். உப்பை நிறுத்தினால் இரண்டு நாளில் சரியாகிவிடும். கத்திரி வெயிலில் எல்லாக் கோழிக்கும் ஒன்றாக நீர்த்தால் அது வெயில் செய்கிற வேலை. எச்சத்தில் சேமியா நீளத்துக்கு வெள்ளைப் புழு தெரிந்தால் உருண்டைப்புழு, அரிசி நொய் போலத் துண்டுகள் நெளிந்தால் நாடாப்புழு. பைப்பரசின் என்ற புழு மருந்து உருண்டைப்புழுவுக்கு மட்டுமே கேட்கும். நாடாப்புழுவுக்கு அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண். நாடாப்புழு எச்சத்திலிருந்து நேராகக் கோழிக்குப் போகாது, எறும்பும் ஈயும் சாணவண்டும் வழியாகத்தான் போகும். ஈயைக் குறைப்பதில் இதுவும் அடக்கம்.

தரைக் கூளம்

தட்டு பாதியைப் பிடித்துவிட்டால் தரையில் விழுவதைக் கூளமே சமாளிக்கும். நெல் உமிதான் முதல் தேர்வு: மலிவு, காற்றோட்டம், கிளறினால் இறுகாது. மூன்று அங்குலம் போட்டுத் தொடங்கி, மழைக்காலத்தில் ஐந்துவரை ஏற்றலாம். தென்னைநார்க் கழிவு நீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் ஒருமுறை ஊறினால் காய்வதில்லை, உமியோடு பாதிப்பாதி கலந்தால் நன்று. வைக்கோல் இரண்டு அங்குலமாக நறுக்காவிட்டால் பாய் போல இறுகிவிடும். கடலைத்தோலில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அந்தப் பூஞ்சை குஞ்சின் நுரையீரலுக்குள் போனால் காப்பாற்றுவது கடினம்.

ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். தூசியாகப் பறந்தால் காய்ந்துவிட்டது, கோழிக்குத் தும்மல் வரும். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி. சாயங்காலம் ஒரு கைப்பிடி கேழ்வரகோ சோளமோ கூளத்தில் வீசினால் கோழியே கிளறிப் புரட்டிவிடும், நீங்கள் மண்வெட்டி எடுக்க வேண்டாம். ஈரத்துக்குப் பெரும்பாலும் காரணம் எச்சம் அல்ல, தண்ணீர்ப் பாத்திரம். அதைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி, கூட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். ராத்திரி கோழி தண்ணீர் குடிக்காது.

நாற்றம் வந்தவுடன் ஈரக் கூளத்தின் மேல் சுண்ணாம்பைக் கொட்டுவது எல்லாரும் செய்வது, அடுத்த இரண்டு நாள் நெடி இன்னும் ஏறும். சுண்ணாம்பின் காரம் எச்சத்தில் அடங்கிக் கிடக்கும் அம்மோனியாவை வாயுவாக விரட்டுகிறது. முதலில் ஈரப்பகுதியை அள்ளி வெளியே போட்டு, வெறும் தரையில் மெல்லியதாகச் சுண்ணாம்பு தூவி, ஒரு நாள் கோழியை விடாமல் காயவிட்டு, பிறகு புதுக் கூளம் போட வேண்டும். பிளீச்சிங் பவுடரை எச்சத்தின் மேல் போடவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும், மனிதருக்கும் கேடு. சிமெண்ட் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதென்றால் நல்ல வெயில் நாளில் காலையிலேயே கழுவி, முழுக்கக் காய்ந்த பின்தான் கூளம்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் கூடு தோற்கிறது. தரை மட்டம் வெளித்தரையைவிட ஓரடி உயரம், கூரை இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டரை அடி, சுற்றிலும் வடிகால் என்ற மூன்றும் இல்லாவிட்டால் தரைக் கூளம் சேறாகிவிடும். சாரல் அடிக்கிறது என்று நாலா பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடுவது கொடுமை. மழை அடிக்கும் பக்கம் மட்டும் இறக்குங்கள், கூரையை ஒட்டிய மேல் அரையடி எப்போதும் திறந்தே இருக்கட்டும். ஈரக் காற்றும் அம்மோனியாவும் வெளியேற அதுதான் வழி.

கால் வைத்து உயர்த்திய வலைத்தரைக் கூட்டில் எச்சம் தானே கீழே விழும் என்று நம்பிப் பல மாதம் அடியை எட்டிப் பார்க்காமல் விடுகிறார்கள். மழை பட்டால் அந்தக் குவியலில்தான் புழு நெளியும். அடியில் ஓரடி உயரம் வரப்புக் கட்டி, காய்ந்த நார்க்கழிவைப் பரப்பி, வாரம் ஒருமுறை வாருங்கள். மேலே அதற்கும் கட்டை வேண்டும், ராத்திரி முழுக்கக் கம்பிமேல் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகும்.

எருவாக்குவது

கோழி எரு சூடு என்று விவசாயி சொல்வது சரிதான். பச்சையாகப் போட்டால் வேரைக் கருக்கிவிடும். மக்கியதில் ஏறக்குறைய 3% தழைச்சத்து, 2.6% மணிச்சத்து, 1.4% சாம்பல்சத்து இருக்கும், மாட்டெருவைவிடப் பல மடங்கு.

வீட்டுக் கூட்டில் சிக்கல் அளவுதான். தினமும் அரைக் கிலோவைக் குழியில் போட்டால் அது சூடேறாது, ஈதான் மொய்க்கும். மூடியுள்ள டிரம்மில் தினமும் எச்சத்தைப் போட்டு அதன்மேல் இரண்டு மடங்கு நார்க்கழிவோ காய்ந்த சருகோ மூடி வாருங்கள். இரண்டு மாதத்தில் 30 கிலோ சேரும். அதோடு பழைய கூளத்தையும், எச்சம் ஒரு கூடைக்குச் சருகு மூன்று கூடை என்று கணக்காகும்வரை இலைதழையையும் சேர்த்து, மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரம் குவியுங்கள். ஈரம் பிழிந்தெடுத்த துணி அளவு இருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் பத்து நிமிடம் செருகி எடுத்தால் கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் புழு முட்டையும் கிருமியும் களை விதையும் சாகும். நெடி கிளம்பினால் சருகு போதவில்லை. சுடவில்லை, உள்ளே வறண்டிருக்கிறது என்றால் தண்ணீர் தெளியுங்கள். அழுகல் நாற்றம் என்றால் ஈரம் அதிகம், பிரித்துப் புரட்டுங்கள். 7, 14, 21 ஆகிய நாட்களில் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டி, பிறகு 60 நாள்வரை விட்டுவிடலாம். காட்டு மண்வாசனை வந்து, எச்சம் எது சருகு எது என்று தெரியாமல் உதிர்ந்தால் தயார். காய்ந்த கூளத்தை வாரும்போதும் எருவைச் சலிக்கும்போதும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கூட்டைத் தொட்டாலும் அப்படியே.

கறிவேப்பிலைக்கு ஒரு கிலோ, வாழைக்கும் முருங்கைக்கும் இரண்டு, மூன்று கிலோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாப் பாத்திக்கு நன்றாக முதிர்ந்த எருவை விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே கலந்துவிட வேண்டும். தண்டை ஒட்டிப் போடாமல் ஓரடி தள்ளி வட்டமாகக் கொத்தி, எருவைப் போட்டு, மண்ணை இழுத்து மூடித் தண்ணீர் விடுங்கள். மேலே நாலு ஓட்டாஞ்சில்லோ முள்ளோ பரப்பி வைக்காவிட்டால் மறுநாள் காலை அதே கோழிகள் வந்து, போட்ட எருவையெல்லாம் கிளறி வாசல்வரை இறைத்துவிடும்.